டாக்டரம்மாவின் சோபாவில் கிடைத்த போன்

மார்ச் 6

என் அன்பு மருமகளுக்கு,

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். சொன்னபோது ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன், முதலில் சுகம். உன் உடம்பு எப்படி? என் அக்காவின் முழங்கால் மடங்குகிறதா? நான் கல் மாதிரி இருக்கிறேன். போன வாரம் ஒரு டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருபது வயசுப் பையனுக்குக்கூட இப்படி ஓடாது" என்று எழுந்தே நின்றுவிட்டார். அவர் மாட்டு டாக்டர்தான். ஆனாலும் நாடி நாடிதானே.

விஷயத்துக்கு வருகிறேன். என் சோபாக் கடை இருக்கிற கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார். அவர் என்றைக்காவது எதையாவது தொலைத்துவிட்டு அடுத்தவர்மேல் பழி போடுவார் என்று நான் எப்போதோ கணித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய செல்போன் காணாமல் போய்விட்டது. பழி விழுந்தது படியம்மாமேல். படியம்மா யார் என்று கேட்பாய். இந்தக் கட்டடத்தின் படிக்கட்டையெல்லாம் கழுவுகிறவள். நாலு வீட்டில் உள்வேலையும் செய்கிறாள். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, படியம்மா என்றால் தெருவுக்கே தெரியும்.

நான் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். என் காது மந்தம் என்று சொல்கிறவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

"காலைல வீட்டுக்குள்ள வந்தது நீ ஒருத்திதான்."

"வந்தது நான்தாம்மா. எடுத்தது நான் இல்ல."

"அப்போ போனுக்குக் கால் முளைச்சுதா?"

"என்னைக் கேட்டா? நான் படியைக் கழுவுறவ. உங்க போனைப் பெத்து வளர்த்தவளா?"

இந்த வாய்தான் அவளுக்கு எதிரி. டாக்டரம்மா போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். மற்ற மூன்று வீடும் மறுநாளே அவளை நிறுத்திவிட்டன. இப்போது படிக்கட்டு மட்டும்தான். அதுவும் எத்தனை நாளைக்கோ தெரியவில்லை. குனிந்த தலை நிமிராமல் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

இதில் எனக்கு என்ன என்று கேட்காதே. டாக்டரம்மாவின் மூன்று பேர் உட்காரும் சோபா, போன் தொலைந்த மறுநாளிலிருந்து என் கடையில்தான் நிற்கிறது. மேல்துணி மாற்றவேண்டும். நிறம் முடிவு செய்யாமல் இழுக்கிறார். நீ வக்கீல் ஆபீஸில் இருக்கிறாயே, இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று எழுது. எனக்குத் தெரியும். நீ சரியாகச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான்.

அக்காவுக்கு என் வணக்கமும் உனக்கு என் ஆசியும்.
உன் மாமா


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மழைநாளில் மட்டும் மக்கர் செய்கிறது. உங்கள் காது எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. போன மாதம் போனில் நான் தொண்டை கிழியக் கத்தியதும், நீங்கள் "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்றதும் பக்கத்து வீடுவரை கேட்டது. நான் கேட்டது அம்மாவின் மருந்துச் சீட்டை. இனிமேல் நமக்குக் கடிதம்தான் சரி.

படியம்மா விஷயம் மனதை என்னவோ செய்கிறது. வீட்டுக்குள் வந்தாள் என்பது மட்டும் அவள் எடுத்தாள் என்று ஆகாது. அவளிடம் சொல்லுங்கள், எந்தக் காகிதத்திலும் படித்துக் காட்டாமல் கைநாட்டோ கையெழுத்தோ போடவேண்டாம். தனியாக ஸ்டேஷனுக்குப் போகவேண்டாம். நீங்கள் கூடப் போங்கள். போனால் பேசாமல் இருங்கள்.

கடைசி வரியை அம்மா சொல்லச் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள்: "என் தம்பி எழுதறதுல பாதியைக் கழிச்சுட்டுப் படி." எந்தப் பாதி என்று கேட்டேன். அது அவளுக்கும் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
உங்கள் மருமகள்


ஏப்ரல் 19

என் அன்பு மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். ஊரில் உள்ள சோபாவெல்லாம் என் கையால்தான் தைக்கப்படவேண்டும் என்று அடம்பிடிக்கிறது.

படியம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே அவர்கள் பேச்சின் சுருதி இறங்கிவிட்டது. "மறுபடி கூப்பிடுவோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். கடை வாசலுக்கு வந்ததும், "கூப்பிடுவாங்களா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு பேச்சுக்கு உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர், அவர் யாராக இருந்தால் என்ன, அவருக்கு ஒரு போன் கிடைக்கிறது. அவருடையது இல்லை. என்ன செய்யவேண்டும்? எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. சோபாவைப் பிரிக்கும்போது அதன் வயிற்றிலிருந்து விழுவதெல்லாம் தைக்கிறவனுக்கு. காசு, கோலிக்குண்டு, மூக்குக்கண்ணாடி, ஒரு தடவை முழுப் பல்செட். கேட்டு வந்தால் கொடுப்போம், வராவிட்டால் டப்பாவில் கிடக்கும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த வாத்தியார் காலத்திலிருந்து இதுதான் சட்டம். போனுக்கும் இது பொருந்துமா?

இன்னொன்று. அப்படிக் கண்டெடுத்தவர் ஏற்கெனவே பெயர் கெட்டவராக இருந்தால் சட்டம் மாறுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். நான் எட்டாவதுவரை படித்தவன். ஒன்பதாவது எனக்குத் தேவைப்படவில்லை. இருந்தாலும் சில இடங்களில் இன்னொருவர் வாயால் கேட்டுக்கொள்வது நல்லது.

அக்கா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டும். சீக்கிரம் பதில் போடு. இந்தத் தடவை நிஜமாகவே சீக்கிரம்.
உன் மாமா


ஏப்ரல் 24

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத நேரமில்லை. உங்கள் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

யார் அந்தத் தெரிந்தவர்? பெயர் கெட்டவர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அம்மா பயந்துவிட்டாள். "பெருமையடிச்சே பேரைக் கெடுத்துக்கிட்டவன் இவன் ஒருத்தன்தான், என்னத்தையோ எடுத்து வெச்சிருக்கான்" என்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

ஒரு பொருளைக் கண்டெடுப்பது குற்றமில்லை. யாருடையது என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், வைத்துக்கொள்வதுதான் குற்றம். அதைத் திருட்டுக்குப் பக்கத்து வீடு என்பார் எங்கள் சீனியர் வக்கீல். ஆகவே உரியவர் தெரிந்தால் உடனே கொடுத்துவிட வேண்டும். தெரியாவிட்டால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும்வரை பத்திரமாக வைத்திருக்கவேண்டும். உள்ளே இருப்பதைப் பார்க்கக்கூடாது, சிம்மைக் கழற்றக்கூடாது, விற்பதை நினைக்கவே கூடாது. உங்கள் வாத்தியாரின் சட்டம் கோர்ட்டில் நிற்காது. அந்தப் பல்செட்டையும் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெயர் கெட்டவர் கண்டெடுத்தாலும் சட்டம் அதேதான். கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். ஆனால் கொடுக்கப்போனால் அவரை நம்புவார்களா என்று சீனியரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தார்.

மாமா, உங்களிடம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு உடனே ஒரு வரி போடுங்கள்.
உங்கள் மருமகள்


மே 21

என் அன்பு மருமகளுக்கும் சந்தேகப்பேர்வழியான என் அக்காவுக்கும்,

இருவரும் சுகமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் படித்தபின் இன்னும் சுகமாக இருப்பீர்கள். போன் கிடைத்துவிட்டது. கண்டெடுத்தது யார் என்று நினைக்கிறாய்? உன் மாமாதான்.

டாக்டரம்மா ஒருவழியாக நிறம் சொன்னார், சாம்பல். சோபாவைக் கவிழ்த்துப் போட்டுப் பிரித்தேன். உட்காரும் இடத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். அதில் விழுவது நேராகக் கைப்பிடியின் பொந்துக்குள் போய்விடும். மேலே எவ்வளவு துழாவினாலும் விரலுக்கு அகப்படாது. அடித்துணியைக் கிழித்தால்தான் தெரியும். என் விரல் நுனிக்கு இரண்டு கண் உண்டு, உனக்குத் தெரியும். கத்தரியை வைக்கும் முன்பே எனக்குள் ஒரு குரல், "இங்கேதான்" என்றது. கிழித்தேன். போன் குழந்தை மாதிரி படுத்திருந்தது.

உன் சட்டப்படி ஒரு பொத்தானையும் தொடவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றினேன். காவலாளியையும் மூன்றாம் மாடிக் கணக்கரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். கட்டடமே என் பின்னால் வந்தது. ஊர்வலம் என்றே சொல்லலாம்.

டாக்டரம்மா கதவைத் திறந்தார். துணியைப் பிரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை, ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறவர்.

"எங்க இருந்துச்சு?"

"உங்க சோபாவுக்குள்ளயே இருந்துச்சும்மா. நீங்கதான் தெரியாம அது மேல உட்கார்ந்திருந்தீங்க."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் எல்லா இடமும் தேடினேனே," என்றார். "அந்தம்மா இல்லன்னு சொல்லச் சொல்ல நான் கேக்கலையே." கல் நெஞ்சக்காரி என்று நினைத்திருந்தேன். அந்தக் குரலில் கல் இல்லை.

அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். என்னையும் அழைத்துப் போனார். ஆய்வாளர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார். கண்டெடுத்தவர் என்று எழுதி, அதற்கு நேரே என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அக்காவிடம் சொல், கழிப்பதற்கு இந்தத் தடவை பாதி இல்லை.
உங்கள் நலம் விரும்பும்
மாமா


மே 29

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை அம்மா என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். சந்தேகப்பேர்வழி என்ற இடத்தில் மட்டும் வேகமாகப் படித்தேன்.

எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா. நீங்கள் செய்தது அத்தனையும் முறைப்படி. சாட்சி வைத்துக்கொண்டதைச் சீனியரே பாராட்டினார். சில விஷயங்கள் மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. சோபாவைப் பிரித்தபோது கூட யாராவது இருந்தார்களா? எந்தப் பக்கத்துக் கைப்பிடி? ஸ்டேஷனில் நீங்கள் கையெழுத்துப் போட்டதில் என்ன எழுதியிருந்தது, படித்துப் பார்த்தீர்களா? அப்புறம், ஏப்ரலில் ஒரு தெரிந்தவரைப் பற்றிக் கேட்டீர்களே, அவர் என்ன ஆனார்?

எல்லாவற்றையும்விட முக்கியம், படியம்மா. வேலை திரும்பக் கிடைத்ததா? யாராவது அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மருமகள்


ஜூன் 10

என் அன்பு மருமகளுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடையில் பஞ்சு பறந்து எனக்கு இருமல். பயப்படாதே, என் இருமலும் ஆரோக்கியமான இருமல்தான். சாம்பல் நிறத் துணியில் டாக்டரம்மாவின் சோபா முடிந்துபோய்விட்டது. மாடிக்கு ஏற்றும்போது காவலாளி ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்தோம். கனம் முழுவதும் என் முனையில்தான்.

படியம்மாவைப் பற்றிக் கேட்டாய், கேட்கவேண்டிய கேள்வி. டாக்டரம்மாவே இறங்கி வந்தார். அவள் முதல் மாடித் திருப்பத்தில் வாளியோடு நின்றாள். டாக்டரம்மா ஈரப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தப்பு என் மேலதான். மனசுல வெச்சுக்காதீங்க."

"மனசுல எடம் எங்கம்மா இருக்கு, பூரா முழங்கால் வலிதான்."

"வீட்டுக்கு வருவீங்களா?"

"வர்றேன். ஆனா இனிமே நீங்க வீட்டுல இருக்கும்போதுதான் வருவேன். போனைக் கையில பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

டாக்டரம்மா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று காவலாளி சொல்கிறான். நாலு வீடும் அவளைத் திரும்ப அழைத்துவிட்டன. அவள் மூன்றுக்குத்தான் போகிறாள். "கணக்கர் வீட்டுக்கு மட்டும் கொஞ்ச நாள் கழிச்சுப் போறேன்" என்கிறாள். அந்த உரிமை அவளுக்கு உண்டு.

என்னைத் தெருவில் இப்போது நின்று பார்க்கிறார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் சோபாவே இல்லாமல், விசாரிப்பதற்காக மட்டும் வந்தார். இரண்டு தடவை கதை சொன்னேன். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது.

கண் கெடும்படி விளக்கில்லாமல் படிக்காதே.
உன் மாமா


ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் குறைந்ததா? மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். நான் கேட்டதில் பாதிக்குப் பதில் வரவில்லை. கழிப்பதற்குப் பாதி இல்லை என்றீர்கள், பதிலில் கழித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை.

வேறொன்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் ஆபீஸுக்கு ஒரு பெண் வந்தாள். வேலை செய்த வீட்டில் பொருள் காணோம் என்று அவள்மேலும் வழக்கு. சுவரைப் பார்த்தபடியே பேசினாள், யாரும் நம்பமாட்டார்கள் என்ற குரலில். நான் அவளிடம் உங்கள் கதையைச் சொன்னேன். சோபாவைப் பிரித்தது, துணியில் சுற்றியது, சாட்சியோடு போனது, எல்லாம். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

அம்மா இதைத் தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டாள். "என் தம்பி" என்று தொடங்குகிறாள். என் நினைவு தெரிந்து அவள் உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது இதுதான் முதல் தடவை.

மாமா, சின்ன வயதிலிருந்து நீங்கள் சொன்ன கதைகளையெல்லாம் நான் ரசித்திருக்கிறேன். நம்பியதில்லை. உங்களுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இதை மட்டும் முழுதாக நம்புகிறேன். அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

அன்புடன்
உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 18

என் அன்பு மருமகளுக்கு,

நீயும் அக்காவும் நலமா? இருமல் போய்விட்டது. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, தையல் மெஷின்மேலேயே கிடக்கிறது. எழுத உட்காருவேன், யாராவது சோபாவோடு வருவார்கள், எழுந்துவிடுவேன். இன்றைக்கு ஒருவரும் வரவில்லை.

நான் கதை அளப்பவன் என்று தெரிந்துதான் ஊர் என்னோடு பழகுகிறது. நான் பத்து சொன்னால் அவர்களே நாலாக எடுத்துக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. நீ முழுதாக நம்புகிறேன் என்று எழுதிவிட்டாய். அதோடு நிற்காமல், சுவரைப் பார்த்துப் பேசிய ஒரு பெண்ணுக்கு அதை எடுத்துக் கொடுத்தும் விட்டாய். அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் இறங்கியது. வழக்கமான அளவு இல்லை.

ஸ்டேஷனில் போட்டது நாற்காலி இல்லை, பெஞ்சு. ஊர்வலம் என்றது மூன்று பேர். இதெல்லாம் நீ கழித்திருப்பாய். நீ கழிக்காத ஒன்று இருக்கிறது.

பழி விழுவதற்கு முந்தின வாரம் டாக்டரம்மா படியம்மாவுக்குப் பழைய தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் ஒரு மூட்டையாகக் கொடுத்திருந்தார், தரை துடைக்க. பழி விழுந்த அன்று காலை கட்டிலிலிருந்து உருவிய உறை இரண்டையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மூட்டை அவள் வீட்டு மூலையில் கிடந்தது. ஏப்ரலில் ஒரு நாள் துணி தீர்ந்துபோய் அதைப் பிரித்திருக்கிறாள். அந்தக் கட்டில் உறையில் ஒன்றைக் கிழிக்கும்போது உள்ளிருந்து போன் விழுந்தது.

சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள்.

"அண்ணா, இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா நான்தான் எடுத்தேன்னு ஆயிடும். கொடுக்காம வெச்சுக்கிட்டா நிஜமாவே எடுத்தவளாயிடுவேன். ரெண்டுல எது பண்ணட்டும்?"

நான் கிணற்றில் போடச் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். என் புத்தி அவ்வளவுதான் போனது.

"போட மாட்டேன். அவங்க போன் அது. அவங்க கைக்குப் போகணும்" என்றாள்.

அதன்பின்தான் உனக்கு எழுதிக் கேட்டேன். சட்டம் அதேதான், கொடுக்கவேண்டும் என்று எழுதினாய். நம்புவார்களா என்பதற்கு உன் சீனியர் கண்ணாடியைத் துடைத்தார் என்றும் எழுதினாய். அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் கடையில் நிறத்துக்காகக் காத்திருந்த டாக்டரம்மாவின் சோபாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த யோசனையைச் சொன்னது யார் என்று எழுதமாட்டேன், அதை மட்டும் என்னிடம் கேட்காதே.

நீ வக்கீலாகப் போகிறவள். இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யவேண்டும் என்று உனக்குத் தெரியும். செய். பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு என்ன உண்டோ அதை நான் வாங்கிக்கொள்கிறேன். படியம்மாவை மட்டும் இதில் இழுக்காத வழி ஏதாவது உன் புத்தகத்தில் இருந்தால் முதலில் அதைப் பார். அக்காவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். கொஞ்ச நாள் "என் தம்பி" என்று சொல்லிக்கொள்ளட்டும் என்றால் அதுவும் சரி.

அந்தப் பெண் மறுபடி உங்கள் ஆபீஸுக்கு வந்தால் சோபாக் கதையைச் சொல்லாதே, இதைச் சொல். இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அவளுக்கு இதுதான் உதவும்.

சோபாவுக்குள் போன் இருக்கவில்லை. அது நான் கட்டிய கதை. ஸ்டேஷன் காகிதத்தில் கண்டெடுத்தவர் என்ற இடத்துக்கு நேரே என் கையெழுத்து இருக்கிறது. கண்டெடுத்தது படியம்மா.

உன் மாமா